மீன் தராசில் நிறுத்த பிள்ளைகள்

கோணாமலைக்கு ஒரு கடன் இருந்தது. கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீன் காக்காவிடம் வாங்கிய அறுபது ரூபா. எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, வட்டியுமில்லை. காக்கா ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டிருந்தால் எப்பாடுபட்டாவது கொடுத்துத் தொலைத்திருப்பார். அவர் கேட்கவேயில்லை. அதனால்தான் அந்தக் கடன் தொண்டைக்குள் சிக்கிய மீன்முள்ளுப் போலக் கிடந்தது. வெளியே வரவும் இல்லை, உள்ளே இறங்கவும் இல்லை.

அந்த அறுபது ரூபாவில்தான் கோணாமலை மனிதரானார். அதற்கு முன் திருக்கோணமலைக் கரையில் பனையோலைக் கடகத்தில் மீன் சுமக்கிற கூலி. தகப்பன் கடலோடு போனபோது வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. மாமன் மச்சான் என்று தூக்கிவிட ஒருத்தரும் இருக்கவில்லை. களப்பு உப்பங்கழியில் பிடித்த இறாலைக் கொண்டுவந்து விற்கிற ஸெய்னுதீன் காக்கா ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "கோணாமல, உனக்குக் கணக்கு வாயில நிக்குது. தலையில கடகம் எதுக்கு? ஒரு தராசு வாங்கு" என்று சொல்லி மடியை அவிழ்த்தார். அவ்வளவுதான். இரும்புத் தண்டும் பித்தளைத் தட்டும் படிக்கற்களுமாக ஒரு தராசு வந்தது. சில வருஷத்துக்குள் கரையில் கோணாமலை நிறுக்காமல் ஒரு பாரைமீனும் கைமாறாது என்ற நிலைமை. வலது கை மோதிரவிரலில் ஒரு பவுண் மோதிரமும் ஏறியது. பட்டணத்துப் படித்தவர்கள் பத்துப் பேரை ஒரு தட்டில் வைத்தாலும் மற்றத் தட்டில் கோணாமலை ஒருவர் போதும். அதை அவரே ஊருக்குச் சொல்லித் திரிந்தார். பொய்யில்லை என்றபடியால் ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது.

கரையில் நிறுக்கிறது எப்படி என்று தெரியாதவர்கள் தராசு இரும்பும் கல்லும்தான் என்று நினைப்பார்கள். அது பாதிதான். மற்றப் பாதி நிறுக்கிறவனின் கை. பெரிய மீன் வந்தால் தண்ணிக்கும் செதிலுக்கும் என்று கொஞ்சம் கழித்துக் கூவவேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான். ஏழை விதவை ஒருத்தி நாலு சூடைமீனைக் கொண்டுவந்தால் மோதிரவிரலால் தட்டை ஒரு சொட்டுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டிக் கூவவேண்டும். பெரியவனுக்கு அது நட்டமில்லை, சின்னவளுக்கு ஒரு பிடி அரிசி. கரை அடிபிடி இல்லாமல் கலையும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஸெய்னுதீன் காக்காவின் இறால் வந்தால் மோதிரவிரல் எப்போதும் தாழும். காக்கா கண்டுகொண்டு சிரிப்பார்.

"எடேய், வட்டி கட்டுறியோ?"

"காக்கா, தராசு அப்பிடித்தான் சொல்லுது. நான் என்ன செய்ய?"

"உன்ட தராசுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் யுத்தம் வந்தது. சித்திரை வருஷப்பிறப்புக்குச் சற்று முன் யப்பான்காரன் வந்து துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டான். பட்டணம் கலைந்து காடு மேடெல்லாம் ஓடியது. ஓடிய சனத்தில் காக்காவின் குடும்பமும் ஒன்று. காட்டுக்குள் கிடந்த நாளில் காய்ச்சல் கண்டு காக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய மருமகன் சீனன்குடாவில் கூலி வேலைக்குப் போயிருந்தவன், குண்டு விழுந்த அன்றைக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. மிஞ்சியது மகள் அசனாவும் அவளுடைய கைக்குழந்தை றம்ஸியாவும்.

கோணாமலை மையத்து வீட்டுக்குப் போனார். கையில் காசில்லை. துறைமுகத் தண்ணீரில் வலை போட நேவிக்காரன் விடாததால் கரை வெறிச்சோடிக் கிடந்தது. மோதிரத்தை விற்றுக் கொடுத்திருக்கலாம். ஆனால் மோதிரம் இல்லாத தராசுக்காரனை ஊர் மறுபடி கடகக் கூலியாகத்தான் பார்க்கும் என்று அவருக்குள் ஒரு பயம். அசனாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் வாசலிலே நின்றுவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வருஷம் அவருக்கு வேலை வந்தது, அதுவும் ஆஸ்பத்திரியில். பட்டணத்தில் ஒரு தரும சங்கம் பிள்ளைகளுக்கென்று சின்ன ஆஸ்பத்திரி ஒன்று நடத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டொக்டர் இரத்தினேஸ்வரிதான் அதற்குப் பொறுப்பு. கூப்பன் அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் தின்று வளர்கிற பிள்ளைகள் எப்படி வளருகிறார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் பிடிவாதம். யுத்தத்துக்கு முந்திய பிள்ளைகளின் வயதும் நிறையும் எழுதிய பழைய அட்டைக் காட்டுகள் ஆஸ்பத்திரி அலுமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. இப்போதைய பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, பழைய காட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொழும்புக்குக் கணக்கு அனுப்பி, பால்மா கேட்கவேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஆஸ்பத்திரியின் சீமைத் தராசு குண்டு அதிர்ச்சியில் கூரையோடு விழுந்து கோணிப்போய்விட்டது. யுத்த காலத்தில் வேறு ஒன்றுக்கு எங்கே போவது?

"என்னட்டை ஒரு தராசு இருக்கு, டொக்டரம்மா" என்று போய் நின்றார் கோணாமலை. "சுறாவையும் நிறுத்திருக்கு, நெத்தலியையும் நிறுத்திருக்கு. பிள்ளை அதுகளுக்கு நடுவிலதானே."

டொக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசைக் கழுவச் சொன்னாள். அதற்குப் பிறகு கூரைத் தூலத்தில் தராசு தொங்கியது. ஒரு பக்கம் புதுக் கடகத்தில் பிள்ளை, மறுபக்கம் படிக்கல். கடகத்தின் நிறைக்குச் சரியாக ஒரு கல்லை எதிர்த்தட்டில் முதலே போட்டுவிடுவார். பிறகு கோணாமலை நிறுத்துக் கூவ, டொக்டரம்மா காட்டில் எழுதுவாள். மாதம் பதினைந்து ரூபா சம்பளம்.

கோணாமலையின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். தாய்மார் வரிசையில் நின்று சிரிப்பார்கள். அழுகிற பிள்ளையும் அவர் கடகத்தை ஆட்டினால் வாயை மூடும். "கடலையே ஆட்டின கை இது" என்று சொல்லுவார்.

அந்த வரிசையில் எப்போதும் முன்னுக்கு நிற்கிறவள் வள்ளிநாயகி. அவளுடைய புருஷன் கனகசுந்தரம் நேவிக்காரரின் முகாமான காம்புக்கு முட்டையும் மரக்கறியும் கொடுக்கிற கொந்தறாத்துக்காரர். காம்பிலிருந்து டின்பாலும் பிஸ்கற்றும் வீட்டுக்கு வரும். எல்லாம் ஒரே மகன் யோகலிங்கத்தின் வயிற்றுக்குள் போகும். ஐந்து வயதுப் பிள்ளை நாலெட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவான். கழுத்து எது நாடி எது என்று தெரியாது. வள்ளிநாயகிக்கு அவன் தேர்ச்சாமி. கடகத்தில் ஏற்றும்போதே கோணாமலையின் காதுக்குள் சொல்லிவைப்பாள்.

"கோணாமலை அண்ணை, பலத்துக் கூவாதேங்கோ. எல்லாற்ற கண்ணும் பிள்ளையிலதான். நாவூறு பட்டிடும்."

கோணாமலைக்கு அது நியாயமாகவே பட்டது. பெரிய மீனுக்குக் கழிக்கிற கை பழக்கத்தில் தானாகக் கழித்தது. கல் அறுபது இறாத்தல் என்று சொன்னால் வாய் ஐம்பத்திரண்டு என்று கூவும். டொக்டரம்மா எழுதிக்கொண்டு, "கூடத்தான், ஆனால் பயப்படுற அளவில்லை. கண்ணுக்கு இன்னும் கூடத் தெரியுது" என்று நெற்றியைச் சுருக்குவாள். "டின்பாலைக் குறையுங்கோ, வள்ளிநாயகி. கொழுப்பு மிஞ்சினால் அதுவும் நோய்தான்."

"ஊரே பட்டினி கிடக்கேக்க என்ர பிள்ளை வயிறு நிறைய இருக்கிறது உங்களுக்குமோ பொறுக்கேல்லை, டொக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு வள்ளிநாயகி மகனைத் தூக்க ஏலாமல் தூக்கிக்கொண்டு போவாள்.

வரிசையின் கடைசியில் அசனா நிற்பாள். துறை தாண்டித் தோணியில் வரவேண்டும், அதனால் பிந்திவிடும். முக்காட்டுக்குள் றம்ஸியா தாயின் தோளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. அசனாவைக் கண்டாலே கோணாமலைக்கு அறுபது ரூபா நினைவுக்கு வரும். அவள் கடனைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. வாப்பாவைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிள்ளையைக் கடகத்தில் வைத்தவுடன் கோணாமலையின் மோதிரவிரல் கடகத்தின் விளிம்பை ஒரு சொட்டுத் தாழ்த்தும். காக்காவின் இறாலுக்குச் செய்ததுதான். அவருடைய பேரப்பிள்ளையைக் குறைத்துக் கூவி நாலு பேர் முன் சிறுமைப்படுத்துகிறதா?

"றம்ஸியா, இருபது இறாத்தல்" என்று கூவுவார். "கொஞ்சம் கொஞ்சமா ஏறுறா, மகள். ராசாத்தி மாதிரி வருவா."

அசனாவின் முகம் மலரும். அதைக் காண்பதுதான் கோணாமலைக்கு அந்த மாதத்து வட்டி.

ஆனால் பால்மா கிடைப்பதில்லை. டின்கள் சொற்பம். எந்த வயதுக்கு எவ்வளவு நிறை, அதற்குக் கீழே போன பிள்ளைக்கு மட்டும்தான் டின் என்று டொக்டரம்மா காட்டில் சிவப்புக்கோடு போட்டிருந்தாள். றம்ஸியாவின் வயதுக்குக் கோடு பத்தொன்பது. அசனா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"டொக்டரம்மா, புள்ள கிழங்கு தவிர ஒண்டும் திங்குதில்ல. ஒரு டின் தந்தா என்ன?"

டொக்டரம்மா பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்ப்பாள். "மெலிவாத்தான் தெரியுது. ஆனால் நிறை கோட்டுக்கு மேல நிக்குது. கண்ணால பார்த்துக் குடுக்கத் தொடங்கினால் கூடக் கத்துறவளுக்குத்தான் டின் போகும். அடுத்த மாசம் பார்ப்பம்."

கோணாமலைக்குக் கோபம் வரும். படிச்சவளுக்கு இரக்கமில்லை என்று வீட்டில் போய்ப் பெண்சாதி புஸ்பராணியிடம் புறுபுறுப்பார். "காக்கான்ர பேத்திக்கு ஒரு டின் குடுக்க மனமில்லை. சிவப்புக்கோடாம், சிவப்புக்கோடு."

மழை தொடங்குகிற மாதம் அசனா வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அன்று தாய்மார் எல்லாம் போன பிறகு டொக்டரம்மா காட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து இருந்தாள். கோணாமலை படிக்கற்களைத் துடைத்து அடுக்கினார்.

"இஞ்ச வாங்கோ, கோணாமலை. எனக்கு ஒரு விஷயம் விளங்கேல்லை" என்றாள் அவள். "யுத்தத்துக்கு முந்தின காட்டுகளில கொழுத்த பிள்ளை கொழுத்துத் தெரியுது, மெலிஞ்ச பிள்ளை மெலிஞ்சு தெரியுது. இப்ப பாருங்கோ. கொந்தறாத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, கரையோரத்துப் பிள்ளை, கிண்ணியாப் பிள்ளை, எல்லாரும் வயதுக்குத் தக்கன கிட்டமுட்ட நடுவில வந்து நிக்கினம். பட்டினி காலத்தில எல்லாரும் ஒரே மாதிரி வளர்றது எப்பிடி?"

கோணாமலையின் நெஞ்சு விம்மியது. இப்படி ஒருநாள் கேட்கமாட்டார்களா என்று அவர் காத்திருந்தார் போல.

"அது என்ர கை, டொக்டரம்மா. சீமைத் தராசு மனிசரை அறியாது. நான் நிறுத்தால் ஒருத்தருக்கும் மனக்குறை வராது. பெரிசுக்குக் கொஞ்சம் கழிக்கிறனான். இல்லாததுக்குக் கொஞ்சம் கூட்டுறனான். கரையில இருபது வருஷம் அப்பிடித்தான். ஒரு அடிபிடி வந்தது கிடையாது."

டொக்டரம்மா பேனையை வைத்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோணாமலைக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எல்லாப் பிள்ளைக்குமோ?"

"எல்லாருக்கும் இல்லை. ஆளைப் பார்த்து."

"அந்த அசனாவின்ர பிள்ளைக்கு?"

"அது காக்கான்ர பேத்தி. அதுக்கு எப்பவும் கூட்டித்தான்."

அவள் றம்ஸியாவின் காட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் கோணாமலைக்குத் தெரியும், ஆனால் இலக்கம் அவருக்குத் தாய்ப்பால். சிவப்புக்கோட்டுக்கு மேலே, ஒட்டினாற்போல, மாதாமாதம் அவர் கூவிய இலக்கங்கள் வரிசையாக நின்றன. அவருடைய விரல் ஒரு சொட்டுத் தாழாமல் இருந்திருந்தால் ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே. ஒவ்வொரு மாதமும் ஒரு டின். இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைக்குப் பால்மா கொடுக்காதவர் யாரென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிவப்புக்கோடு அல்ல. டொக்டரம்மாவும் அல்ல.

"இந்தக் கணக்கைப் பார்த்துக் கொழும்பில திருக்கோணமலைப் பிள்ளைகளுக்குப் பால்மா இனி அவ்வளவு வேண்டாம் எண்டு சொல்லுறாங்கள்" என்றாள் டொக்டரம்மா. "அதை நான் பார்க்கிறன். நீங்கள் முதல்ல அந்தப் பிள்ளையைப் பாருங்கோ. இரண்டு மாசமா வரேல்லை."

கோணாமலை தராசைத் தூலத்திலிருந்து இறக்கினார். தண்டைத் தோளில் போட்டு, கடகத்துக்குள் படிக்கற்களை வைத்துத் தலையில் தூக்கினார். கடகம் தலையில் ஏறி எத்தனையோ வருஷம். கழுத்து அதை மறந்திருக்கவில்லை. கிண்ணியாத் துறைக்குப் போய்த் தோணி ஏறினார். தோணிக்காரன் முஹம்மது தம்பி பழைய சினேகிதன்.

"என்ன கோணாமல, களப்புக்குள்ள யாரை நிறுக்கப் போறாய்? முதலையையா?"

மற்ற நாளென்றால் கோணாமலை முதலையையும் நிறுத்த கதை ஒன்று சொல்லியிருப்பார். அன்றைக்கு, "கெதியாத் தள்ளு" என்று மட்டும் சொன்னார்.

குறிஞ்சாக்கேணியில் அசனா வீட்டு முற்றத்தில் மரவள்ளித் தோல் காய்ந்தது. றம்ஸியா பாயில் கிடந்தது. அழக்கூட இல்லை. தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அசனா எழும்பி முக்காட்டை இழுத்து விட்டாள்.

"வாங்க மாமா. காய்ச்சல் வந்து புள்ளக்கி ஏலாமப் போயிட்டு. அதான் வரல்ல. வந்தாலும் டின் தரமாட்டாங்கதானே."

"தருவினம். பிள்ளையைத் தூக்கு, மகள்."

மாமரக் கிளையில் தராசைக் கொளுவினார். கடகத்துக்கு ஈடான கல்லையும் அதோடு பழைய இருபது இறாத்தலையும் எதிர்த்தட்டில் போட்டார். கடகத்தில் பிள்ளையை வைத்தாள் தாய். கோணாமலை கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படி அவர் ஒருநாளும் நிறுத்ததில்லை. தண்டு ஆடி ஆடி நின்றது. அவர் கல்லை எடுத்தார், இன்னொன்றையும் எடுத்தார். இன்னும் எடுக்கவேண்டியிருந்தது.

"பதினாறு" என்றார். கூவவில்லை. சொன்னார்.

"போன முறை இருபதெண்டீங்க. காய்ச்சலோட இவ்வளவு குறையுமா?"

"காய்ச்சலால மட்டும் இல்லை. இருபதெண்டது பொய். நான் கையால தாழ்த்திக் கூவினனான். முதல் மாசத்திலயிருந்து."

அசனா பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஏன் மாமா?"

"உங்கட வாப்பாவுக்கு நான் குடுக்கோணும். குடுக்க ஏலாமல் போச்சு. பிள்ளையின்ர நிறையாவது கூட இருக்கட்டும் எண்டு... அவருக்குச் செய்தது மாதிரி..."

அசனா அதுவரை ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசினதை ஊர் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"வாப்பாட கடனை என்ட புள்ளட நிறையிலயா கட்டினீங்க? டின் கேட்டுக் கேட்டு நான் அந்த அம்மாவத் திட்டினன். அல்லாஹ்விட்ட அவவுக்கு இரக்கத்தக் குடு எண்டு கேட்டன். பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க?"

"ஓம்" என்றார் கோணாமலை. திருக்கோணமலைக் கரையில் வாய்க்குப் பேர்போன மனிதர்.

"கடனெண்டா காசு. காசக் காசாத் தாங்க. புள்ளக்கிக் கணக்கச் சரியாச் சொல்லுங்க. ரெண்டயும் ஒண்டாக் குழைக்காதீங்க."

அவள் பிள்ளையைச் சீலையில் சுற்றினாள். தோணியில் இருவரும் இரு பக்கமாக இருந்து பட்டணத்துக்கு வந்தார்கள். முஹம்மது தம்பி இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுப் பகிடி ஒன்றும் விடாமல் தள்ளினான்.

டொக்டரம்மா றம்ஸியாவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டாள். கரண்டி கரண்டியாகப் பால் போனது. முதலில் தங்கவில்லை, பிறகு தங்கியது. பிள்ளை பிழைக்குமா என்று கோணாமலை தினமும் கேட்டார். டொக்டரம்மா தினமும், "நிறுத்துப் பார்த்துத்தான் சொல்லுவன்" என்றாள். கேலியாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா தெரியாது. கோணாமலை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்.

அவரை வேலையை விட்டு நிறுத்துவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரும் தராசைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்கள்?" என்று கேட்டாள் டொக்டரம்மா. "இந்தக் காட்டெல்லாம் கிழிச்சு எறியவேண்டியதுதான். திரும்ப முதலிலயிருந்து எல்லாப் பிள்ளையையும் நிறுக்கோணும். ஆர் நிறுக்கிறது? இந்த ஊரில உங்களை விட்டால் தராசு பிடிக்க எனக்கு ஆரைத் தெரியும்? நானும் கல்லைப் பார்க்காமல் காதால கேட்டுத்தானே எழுதினனான். இனி நீங்கள் கூவ முதல் நானும் வந்து பார்ப்பன்."

"என்ர கையைக் கட்டிப்போட்டு நிறுக்கிறன், டொக்டரம்மா."

"கட்டத் தேவையில்லை. பின்னுக்கு வைச்சிருந்தால் காணும்."

அப்படித்தான் நடந்தது. தாய்மார் எல்லாருக்கும் சொல்லியனுப்பி மறுபடி நிறுத்தார்கள். கரையோரத்துப் பிள்ளைகள் பலருடைய நிறை ஒரேயடியாக இறங்கியது. சில தாய்மார் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். கோணாமலை நின்று வாங்கினார். வள்ளிநாயகி வழக்கம்போல முன்னுக்கு வந்து காதுக்குள் குசுகுசுத்தாள். கோணாமலை முதுகுக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு, பழைய கரைக் குரலில், "யோகலிங்கம், அறுபத்திரண்டு இறாத்தல்" என்று கூவினார். தெருமுனையில் நின்றவனும் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு விசரே?"

"தங்கச்சி, நாவூறுக்கு உப்பும் மிளகாயும் சுத்திப் போடு. மூச்சு வாங்கிறதுக்கு டொக்டரம்மாவைக் கேள். என்ர வாய் இனி ஒண்டையும் மறைக்காது."

வள்ளிநாயகி அவரோடு கதைக்காமல் விட்டாள். ஆனால் இலக்கத்தைக் கேட்ட கனகசுந்தரம் அன்று பின்னேரமே டொக்டரம்மாவிடம் வந்து கதிரையில் இருந்து நெடுநேரம் கதைத்தார். டின்பால் நின்றது. பிஸ்கற் நின்றது. யோகலிங்கம் நாலு தரம் மண்ணில் உருண்டு அழுதான். பிறகு தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து சைக்கிள் வளையம் உருட்ட ஓடினான். ஓடினான் என்றுதான் சொல்லவேண்டும். கன காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஓடினதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது.

புதுக் கணக்கு கொழும்புக்குப் போனது. முன்னை அனுப்பியது பிழை என்று டொக்டரம்மா தன் பெயரில்தான் எழுதினாள், தராசுக்காரனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பால்மா குறையவில்லை, கொஞ்சம் கூடவே வந்தது. இதையெல்லாம் ஒரு இரண்டாம் வகுப்புக்காரனின் தராசு செய்தது என்று கோணாமலை பிற்காலத்தில் ஊர் முழுக்கச் சொன்னார். தராசு முதலில் செய்த கூத்தையும் சேர்த்தே சொல்லுவார். அதில் அவருக்கு ஒளிவுமறைவு இருக்கவில்லை.

றம்ஸியா சிவப்புக்கோட்டைத் தாண்டிய அன்று கிளினிக் கூட்டமாக இருந்தது. டொக்டரம்மா கிட்ட வந்து நின்று பார்க்க, கோணாமலை கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு தண்டு நிற்கும்வரை பார்த்தார். பிறகு கூவினார். "றம்ஸியா, இருபது இறாத்தல்." அவர் முன்பு பொய்யாகக் கூவிய அதே இலக்கம். அசனா அதைக் கேட்டுவிட்டுத் தானே தட்டுக்குக் கிட்டப் போய்க் கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

வரிசை கலைந்ததும் கோணாமலை அவளைக் கூப்பிட்டார். மடியை அவிழ்த்தார். அப்போதுதான் அசனா அவருடைய வலது கையைக் கவனித்தாள். மோதிரவிரலில் மோதிரம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"மோதிரம் எங்க மாமா?"

"செட்டியார் கடையில. அது கனத்தது, மகள். தட்டில படுகுது. கையை நீட்டு."

அசனா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். கிழங்கு தோண்டிக் காய்த்துப்போன கை. கோணாமலை தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார். பத்து, இருபது என்று குரல் ஏறியது. வெளியே நின்ற தாய்மார் இருவர் எட்டிப் பார்த்தார்கள். அறுபது வந்ததும் அவர் கை நிற்கவில்லை. மடியிலிருந்து இன்னொரு வெள்ளி ரூபாவை எடுத்து மேலே வைத்தார்.

அசனா அதை மட்டும் மற்றக் கையால் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கூட்டி நிறுக்காதீங்க மாமா."

கோணாமலை அதை வாங்கி மடியில் போட்டார். பிறகு அவளுடைய கையிலிருந்த தாள்களை எடுத்து, அவள் பார்க்க, றம்ஸியாவும் பார்க்க, திரும்ப முதலிலிருந்து ஒவ்வொன்றாக அந்த விரிந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.

"அறுபது" என்று கூவினார்.